இணையதளத்தின் நிறத்தை மாற்றும் ஸ்டைல் ஷீட் அடம்பிடித்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளைப் பின்னணி என் கண்ணுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதனால் நான் படிக்கும் தளங்களுக்கெல்லாம் நானே நிறம் மாற்றிக்கொள்கிறேன். அதைப் பார்த்துத் தாங்களும் முயன்றவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களோடு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் இங்கே தொகுத்துவிட்டேன். பக்கத்தின் நிறத்தையும் அமைப்பையும் சொல்லும் மொழி சிஎஸ்எஸ், அதில் எழுதிய விதிகளின் தொகுப்பே ஸ்டைல் ஷீட். சிஎஸ்எஸ் சொற்களைத் தமிழ் ஒலியிலேயே எழுதியிருக்கிறேன். கோப்பில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

அடுத்தவர் தளத்தின் நிறத்தை நான் மாற்றுவது சரியா? தளத்துக்கு ஏதாவது ஆகுமா?

ஒன்றும் ஆகாது. மாற்றம் உங்கள் உலாவியில் மட்டும்தான் நிகழ்கிறது. தளத்தை நடத்துபவருக்கோ மற்ற வாசகர்களுக்கோ அது தெரியாது.

இது திருட்டு வேலையும் அல்ல. 1996இல் வெளிவந்த சிஎஸ்எஸ் முதல் பதிப்பிலேயே, பக்கத்தை எழுதியவரைப் போல வாசகரும் தன் ஸ்டைல் ஷீட்டைத் தரலாம் என்று இருந்தது. ஒரு விதிக்கு முன்னுரிமை கேட்டுச் சேர்க்கும் சொல் ‘இம்பார்ட்டன்ட்’. இருவரும் அப்படி அடித்துச் சொன்னால் அன்று எழுதியவர் பக்கமே தீர்ப்பு. 1998இன் இரண்டாம் பதிப்பு அதைத் தலைகீழாக்கி, வாசகரின் இம்பார்ட்டன்ட்தான் இறுதி என்றது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களை மனத்தில் வைத்துச் செய்த மாற்றம் அது.

எங்கே எழுதுவது? உலாவியில் அப்படி ஓர் இடமே கண்ணில் படவில்லையே.

குரோமில் முன்பு இருந்தது, 2014இல் எடுத்துவிட்டார்கள். மேக் கணினியின் சஃபாரியில் ‘அட்வான்ஸ்டு’ அமைப்புகளுக்குள் இன்னும் இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் புரொஃபைல் கோப்புறைக்குள் (உங்கள் அமைப்புகளை உலாவி சேமித்து வைக்கும் இடம்) ‘குரோம்’ என்ற பெயரில் ஒரு கோப்புறை உண்டாக்கி, அதில் ‘யூசர்கன்டென்ட்.சிஎஸ்எஸ்’ என்ற கோப்பை வைக்க வேண்டும். (அந்தக் கோப்புறைக்கும் குரோம் உலாவிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெயர்க்குழப்பத்துக்கு நான் பொறுப்பல்ல.)

பெரும்பாலானவர்களுக்கு வசதி ‘ஸ்டைலஸ்’ போன்ற நீட்டிப்பு, அதாவது உலாவியில் கூடுதலாக நிறுவிக்கொள்ளும் சிறு மென்பொருள். ஆனால் நீட்டிப்பு வழியாகச் செல்லும் விதியும் ஃபயர்பாக்ஸ் கோப்பு வழியாகச் செல்லும் விதியும் ஒரே எடை கொண்டவை அல்ல. இதை நினைவில் வையுங்கள், பின்னால் ஒரு சிக்கலில் இதுதான் கைகொடுக்கும்.

எழுதினேன், சேமித்தேன், ஒன்றுமே மாறவில்லை. எங்கிருந்து தேடுவது?

முதலில் நிறத்தை விட்டுவிடுங்கள். நிறம் மாறாததற்கு நூறு காரணம் இருக்கலாம். உங்கள் ஸ்டைல் ஷீட் பக்கத்துக்கு வந்து சேர்ந்ததா என்பதற்கு ஆம், இல்லை என்று இரண்டே பதில்கள்தான். விதி எந்த உறுப்புக்கு என்று சொல்லும் பகுதிதான் செலக்டர், நட்சத்திரம் (*) போட்டால் எல்லா உறுப்புகளும். ஷீட்டின் முதல் வரியாக, நட்சத்திரச் செலக்டருக்கு 1 பிக்சல் சிவப்பு ‘அவுட்லைன்’ கொடுங்கள், இம்பார்ட்டன்ட் சேர்த்து. பக்கம் முழுக்கச் சிவப்புப் பெட்டிகள் நிரம்பினால் ஷீட் வந்துவிட்டது. ‘பார்டர்’ வேண்டாம், அது இடத்தை அடைத்துக்கொண்டு பக்கத்தின் அமைப்பையே தள்ளிவிடும். அவுட்லைன் எதையும் நகர்த்தாது.

இந்தத் துறையில் நான் கற்றது ஒன்றுதான்: நிறம் மாறவில்லை என்றால் விதி வரவில்லை, அல்லது வந்து தோற்றது, அல்லது வென்றும் தவறான உறுப்பின்மேல் விழுந்தது. இந்த மூன்றில் எது என்று தெரியாமல் விதிகளைத் திருத்திக்கொண்டே இருப்பவர்கள்தான் விடிய விடிய விழித்திருக்கிறார்கள்.

சிவப்புப் பெட்டிகள் வரவில்லை. அப்படியென்றால்?

ஷீட் வரவில்லை. முகவரிப் பொருத்தத்தைப் பாருங்கள். ஸ்டைலஸில் ‘யுஆர்எல்’ என்று தேர்ந்தெடுத்தால் முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இறுதியில் ஒரு கேள்விக்குறியும் நாலு எழுத்தும் ஒட்டிக்கொண்டாலே பொருந்தாது. ‘டொமைன்’ என்று தேர்ந்தெடுத்து, முன்னொட்டு எதுவும் இல்லாமல் தளத்தின் பெயரை மட்டும் கொடுத்தால் அதன் துணைத் தளங்களும் சேர்ந்துகொள்ளும். தனிப்பட்ட சாளரத்தில் நீட்டிப்புக்கு அனுமதி தனியாகத் தர வேண்டும், கணினியிலேயே உள்ள கோப்புகளைத் திறந்தாலும் குரோமில் அப்படியே. உலாவியின் அமைப்புப் பக்கங்களிலும் நீட்டிப்புக் கடையிலும் எந்த நீட்டிப்பும் நுழைய முடியாது. அங்கே முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஃபயர்பாக்ஸ் கோப்பு என்றால் மூன்று விஷயங்கள். 69ஆம் பதிப்பிலிருந்து அந்தக் கோப்பை உலாவி தானாகப் படிப்பதில்லை. ‘அபௌட்:கான்ஃபிக்’ பக்கத்தில் ‘லெகசியூசர்’ என்று தேடி, ‘ஸ்டைல்ஷீட்ஸ்’ என்று முடியும் அமைப்பை ‘ட்ரூ’ ஆக்க வேண்டும். கோப்பைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் உலாவியை மூடித் திறக்க வேண்டும். கடைசியாகக் கோப்பின் பெயர்: வால்பெயர்கள் (புள்ளிக்குப் பின் வரும் பகுதி) மறைந்திருக்கும் கணினியில், சிஎஸ்எஸ் என்று நீங்கள் சேமித்தது உண்மையில் ‘.சிஎஸ்எஸ்.டிஎக்ஸ்டி’ ஆக இருக்கலாம். ஒரு மாலைப்பொழுது முழுவதையும் நான் இதற்குத் தாரை வார்த்திருக்கிறேன்.

பெட்டிகள் வருகின்றன. ஆனால் என் விதிகளில் பாதிதான் வேலை செய்கிறது.

எழுத்துப்பிழை. சிஎஸ்எஸ் பிழையைச் சொல்லாது, புரியாததைச் சத்தமில்லாமல் தூக்கி எறிந்துவிட்டு மேலே போகும். ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளி விட்டுப்போனால் அந்த வரியும் அடுத்த வரியும் சேர்ந்து செல்லாமல் போகும். மூடும் அடைப்பு விட்டுப்போனால் பின்னால் வரும் விதிகளெல்லாம் முந்தைய விதியின் வயிற்றுக்குள் போய்விடும்.

நிரல் எழுதிப் பழகியவர்கள் இரட்டைச் சாய்கோடு போட்டுக் குறிப்பு எழுதுவார்கள். சிஎஸ்எஸில் அது குறிப்பு அல்ல, அடுத்த வரியையும் சேர்த்துக் கெடுக்கும் குப்பை. வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டினால் நேர் மேற்கோள்குறிகள் வளைந்த குறிகளாக மாறியிருக்கும், அதையும் பாருங்கள். காற்புள்ளியால் பிரித்து எழுதிய செலக்டர்களில் ஒன்று உலாவிக்குப் புரியாவிட்டால் அந்த வரிசை முழுவதுமே தள்ளுபடி.

எல்லாவற்றுக்கும் இம்பார்ட்டன்ட் போட்டேன். ஆனாலும் தளத்தின் நிறம்தான் வெல்கிறது. எப்படி?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். இம்பார்ட்டன்ட் என்பது கட்டளை அல்ல, வேறொரு வரிசைக்கு மாறும் அனுமதிச்சீட்டு. தளமும் அதே சீட்டை வைத்திருந்தால் அந்த வரிசைக்குள் மறுபடியும் போட்டி நடக்கும். அங்கே செலக்டரின் எடை பார்க்கப்படும்: ஐடி (ஒரே உறுப்புக்கு வைத்த பெயர்) கிளாஸைவிட (பல உறுப்புகளுக்குப் பொதுவான பெயர்) எடை அதிகம், கிளாஸ் வெறும் குறிச்சொல்லைவிட (உறுப்பின் வகைப்பெயர்) எடை அதிகம். எடை சமமாக இருந்தால் பின்னால் வந்தது வெல்லும்.

உங்கள் விதி யார் தரப்பில் நிற்கிறது என்பது அதைவிட முக்கியம். ஸ்டைலஸ் போன்றவை பக்கத்துக்குள்ளேயே ஒரு ஸ்டைல் குறிச்சொல்லைச் செருகுகின்றன. உலாவியின் கண்ணுக்கு அது தளத்தை எழுதியவரே எழுதியது போலத்தான். ஆகவே, உறுப்பின்மேலேயே தளம் இம்பார்ட்டன்ட் சேர்த்து எழுதிய நிறத்தை உங்கள் எந்தச் செலக்டராலும் அசைக்க முடியாது. ஃபயர்பாக்ஸின் யூசர்கன்டென்ட் கோப்பு நிஜமாகவே வாசகர் தரப்பு. அங்கிருந்து வரும் இம்பார்ட்டன்ட் தளத்தின் எல்லாவற்றையும் வெல்லும். இரண்டாம் கேள்வியில் எடை வேறு என்று சொன்னது இதைத்தான்.

இன்னும் நுட்பமான பொறி, விதிகளை அடுக்குகளாகப் பிரிக்கும், 2022இல் முக்கிய உலாவிகளுக்கு வந்த ‘லேயர்’ வசதி. சாதாரண விதிகளில், லேயருக்கு வெளியே உள்ளது லேயருக்குள் உள்ளதை வெல்லும். இம்பார்ட்டன்ட் சேர்ந்தால் கணக்கு தலைகீழ்: தளத்தின் லேயருக்குள் உள்ள இம்பார்ட்டன்ட் உங்கள் லேயரற்ற இம்பார்ட்டன்ட்டை வெல்லும். எடையை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. தளம் லேயர் பயன்படுத்துகிறது, ஆனால் குறிப்பிட்ட நிறத்துக்கு இம்பார்ட்டன்ட் போடவில்லை என்றால், உங்கள் சாதாரண விதியே போதும்.

யார் வென்றது என்று கண்ணால் பார்க்க வழி உண்டா?

உண்டு. எஃப்12 விசையை அழுத்தி உலாவியின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, குறிப்பிட்ட உறுப்பைத் தேர்ந்தெடுங்கள். ‘ஸ்டைல்ஸ்’ பகுதியில் உங்கள் விதி இருந்து, அதன்மேல் கோடு அடிக்கப்பட்டிருந்தால் வந்து தோற்றது. விதியே இல்லையென்றால் செலக்டர் அந்த உறுப்பைத் தொடவில்லை. கோடு இல்லாமல் நிற்கிறது, நிறம் மட்டும் மாறவில்லை என்றால் நீங்கள் பார்க்கும் நிறம் வேறோர் உறுப்புக்குச் சொந்தம். மேலே விரிந்திருக்கும் ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ போலி உறுப்புகளை (பக்கத்தில் இல்லாமல் சிஎஸ்எஸ் உண்டாக்குபவை) சந்தேகியுங்கள்.

செலக்டரின் எடையைக் கூட்டக் குறுக்கு வழி?

ஒரே கிளாஸை இடைவெளி இல்லாமல் மூன்று முறை எழுதலாம். உறுப்பு மாறாது, எடை மும்மடங்காகும். அசிங்கமாக இருக்கும், ஆனால் சட்டப்படி சரி. ஐடியின் எடை வேண்டுமென்றால், பக்கத்தில் இல்லாத ஓர் ஐடியை ‘நாட்’ (not) அடைப்புக்குள் போட்டுச் செலக்டரோடு ஒட்டுங்கள்.

நட்சத்திரம் போட்டு எல்லாவற்றையும் கறுப்பாக்கினேன். படங்களும் பொத்தான்களும் காணாமல் போய்விட்டன!

போகத்தான் செய்யும். நவீனப் பக்கத்தில் படங்களின்மேல் ஒளி ஊடுருவும் பெட்டிகள் அடுக்கடுக்காக விரிந்திருக்கும், சொடுக்கைப் பிடிப்பதற்காக. அவை எல்லாவற்றுக்கும் கறுப்புப் பூசினால் படம் அடியில் புதைந்துவிடும். தவிர, ‘பேக்கிரவுண்ட்’ என்ற சுருக்கப் பண்பை எழுதினால் நிறத்தோடு பின்னணிப் படமும் அழிந்துபோகும், பல பொத்தான்களின் சின்னம் அதில்தான் இருக்கும். நிறம் மட்டும் வேண்டுமானால் ‘பேக்கிரவுண்ட்-கலர்’ என்று முழுதாக எழுதுங்கள்.

சிலர் மறுகோடிக்குப் போய், பாடிக்கு (பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் தாங்கும் உறுப்பு) மட்டும் கறுப்பு, மற்றவை எல்லாம் ‘டிரான்ஸ்பரன்ட்’ என்பார்கள். அப்போது விரியும் பட்டியின் எழுத்தும் அதன் கீழே உள்ள கட்டுரையின் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். நட்சத்திரம் சோதனைக்குத்தான் நல்லது. பெரிய பரப்புகளான நாலைந்து உறுப்புகளைப் பெயர் சொல்லி நிறம் மாற்றினாலே பக்கத்தின் முக்கால்வாசி அடங்கிவிடும்.

தளம் நிற மாறிகளைப் பயன்படுத்துகிறதாம். அது எனக்கு நல்லதா?

மிக நல்லது. மாறி என்பது ஒரு மதிப்புக்கு வைத்த பெயர். இரட்டைச் சிறுகோட்டில் (--) தொடங்கும் மாறிகளின் மதிப்பைத் தளத்தின் உச்சியில், அதாவது ‘ரூட்’டில் மாற்றினால், அதைப் பயன்படுத்தும் நூறு இடங்களும் தாமாக மாறும். நான் எந்தத் தளத்தைத் திறந்தாலும் முதலில் இதைத்தான் தேடுகிறேன்.

மூன்று இடறல்கள் உண்டு. மாறியின் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு. தளம் அதே மாறியைப் பாடியிலோ அதற்குள் ஒரு பெட்டியிலோ மறுபடி வரையறுத்திருந்தால், ரூட்டில் நீங்கள் வைத்த மதிப்பு அங்கே போய்ச் சேராது. இம்பார்ட்டன்ட் போட்டாலும் சேராது, ஏனென்றால் மரபாக வரும் மதிப்பு நேரடியாக எழுதிய மதிப்பிடம் எப்போதும் தோற்கும். அந்தப் பெட்டியிலேயே போய் மாற்ற வேண்டும். மூன்றாவது, சில தளங்கள் மாறியில் முழு நிறத்தை வைக்காமல் ‘255, 255, 255’ என்று வெறும் எண்களை வைத்து, பயன்படுத்தும் இடத்தில் ‘ஆர்ஜிபி’ அடைப்புக்குள் செருகும். அங்கே #121212 என்று முழு நிறக்குறியீட்டை எழுதினால் அந்த வரியே செல்லாது. 18, 18, 18 என்று எழுதுங்கள்.

எழுத்து நிறத்தை மாற்றினேன். தலைப்பு மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கிறது.

‘வெப்கிட்-டெக்ஸ்ட்-ஃபில்-கலர்’ என்ற பண்பு இருக்கிறதா என்று பாருங்கள். வண்ணக்கலவை பூசிய எழுத்துக்கு அதை ‘டிரான்ஸ்பரன்ட்’ ஆக்கி, பின்னணியை எழுத்தின் வடிவில் வெட்டிக் காட்டுவார்கள். அது இருக்கும்போது ‘கலர்’ பண்பை எழுத்தின் உடல் மதிக்காது. அதை ‘கரன்ட்கலர்’ ஆக்கி, பின்னணிப் படத்தையும் நீக்கிவிடுங்கள்.

ஐகான்கள் கறுப்புப் பின்னணியில் கறுப்பாகவே கிடக்கின்றன.

ஐகான் எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. எழுத்துருவாக இருந்தால் ‘கலர்’ போதும். பக்கத்துக்குள்ளேயே வரைந்த எஸ்விஜி (கோடுகளாலும் வடிவங்களாலும் ஆன படம்) என்றால் ‘ஃபில்’ அல்லது ‘ஸ்ட்ரோக்’. கோட்டோவியமாக உள்ள ஐகானுக்கு ஃபில் கொடுத்தால் அது மசிக்கட்டியாகிவிடும். ‘மாஸ்க்’ வழியாக வெட்டியதென்றால் வேடிக்கை, அதன் நிறம் பின்னணி நிறம்தான்.

படக்கோப்பாக வந்தால் உள்ளே கைவைக்க முடியாது. ‘ஃபில்டர்’ பண்பில் ‘இன்வர்ட்’ போட்டுத் தலைகீழாக்கலாம். ஆனால் ஒரு பெரிய பெட்டிக்கே ஃபில்டர் போட்டால், அதற்குள் திரையில் ஒட்டி நிற்க வேண்டிய பட்டிகள் பக்கத்தோடு சேர்ந்து நகரத் தொடங்கும். ஃபில்டர் போட்ட பெட்டியே அவற்றுக்குப் புது எல்லையாகிவிடுவதுதான் காரணம். உச்சியில் உள்ள ‘எச்டிஎம்எல்’ உறுப்புக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை.

உள்ளீட்டுப் பெட்டிகளும் ஸ்க்ரோல் பாரும் வெள்ளையாகவே இருக்கின்றன.

ரூட்டில் ‘கலர்-ஸ்கீம்: டார்க்’ என்று ஒரு வரி எழுதுங்கள். உலாவி தானே வரையும் பொருள்கள் பெரும்பாலும் இருண்டுவிடும். குரோம் தானாக நிரப்பிய பெட்டியின் நிறம் மட்டும் மசியாது, உலாவியே அதற்கு இம்பார்ட்டன்ட் போட்டிருக்கிறது. பின்னணியோடு மல்லுக்கட்டாமல், ‘பாக்ஸ்-ஷேடோ’வை ‘இன்செட்’ ஆக்கி 1000 பிக்சல் அளவில் உங்கள் நிறத்தை உள்நிழலாகப் பரப்புங்கள். எழுத்துக்கு, தலைப்பு நிறம் பற்றிய பதிலில் சொன்ன ஃபில்-கலர்.

பார்த்த இணைப்புகளுக்குத் தனிப் பின்னணி கொடுத்தேன், வரவே இல்லை.

‘விசிட்டட்’ செலக்டரை வைத்து ஒருவர் எந்தத் தளங்களுக்குப் போனார் என்று வேவு பார்க்க முடிந்தது. அதனால் 2010 முதல் உலாவிகள் அதைக் கட்டிப்போட்டன: அதில் நிறங்களை மட்டுமே மாற்றலாம், ஒளி ஊடுருவும் அளவை மாற்ற முடியாது. பார்க்காத இணைப்பின் பின்னணி ‘டிரான்ஸ்பரன்ட்’ ஆக இருந்தால், பார்த்ததன் பின்னணியும் கண்ணுக்குத் தெரியாது. முதலில் எல்லா இணைப்புகளுக்கும் பக்க நிறத்திலேயே ஒரு பின்னணி கொடுங்கள், பிறகு மாற்றுங்கள்.

நேற்றுவரை வேலை செய்தது. இன்று திறந்தால் எல்லாம் பழையபடி.

தளம் புதுப்பிக்கப்பட்டிருக்கும். கிளாஸ் பெயர் அர்த்தமில்லாத எழுத்துக் குவியலாக இருந்தால் அது கருவி உருவாக்கிய பெயர், அடுத்த புதுப்பிப்பில் மாறலாம். அதை நம்பி எழுதுவது ஆற்றுமணலில் கோலம் போடுவது. ‘ரோல்’, ‘ஏரியா’ (aria), ‘டேட்டா’ என்று தொடங்கும் பண்புக்கூறுகளைப் பிடித்து எழுதினால் கொஞ்ச காலம் நிற்கும். நிரந்தரம் என்று எதையும் உறுதி சொல்ல மாட்டேன்.

பக்கம் முழுக்க மாறியது, நடுவில் ஒரு சதுரம் மட்டும் வெள்ளை.

அது ‘ஐஃபிரேம்’ ஆக இருக்கலாம். அப்படியானால் அது வேறொரு பக்கம், அதன் முகவரியையும் உங்கள் விதிக்குச் சேர்க்க வேண்டும். ‘ஷேடோ டாம்’ என்றால் வெளியே உள்ள செலக்டர் உள்ளே நுழையாது, ஆனால் மாறிகள் நுழையும், அந்த வழியைப் பாருங்கள். ‘கேன்வாஸ்’ என்றால் அது வரைந்து முடித்த படம், ஃபில்டர் தவிர வேறு வழியில்லை.

சுட்டியைக் கொண்டுபோனால் பழைய நிறம் எட்டிப் பார்க்கிறது.

‘ஹோவர்’ நிலைக்குத் தளம் தனி விதி வைத்திருக்கிறது, நீங்களும் எழுத வேண்டும். டெவலப்பர் டூல்ஸில் அந்த நிலையைப் பிடித்து நிறுத்திப் பார்க்கும் வசதி உண்டு. நிறம் மெதுவாக மாறினால் அது ‘டிரான்சிஷன்’. ஓடிக்கொண்டிருக்கும் டிரான்சிஷன் இம்பார்ட்டன்ட்டையும் மீறும், அதனால் அதை ‘நன்’ (none) ஆக்கிவிடுங்கள்.

இருண்ட பின்னணி வந்துவிட்டது, ஆனால் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

சாம்பல்மேல் சாம்பல் வைத்திருப்பீர்கள். அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறை, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 என்ற ஒளி விகிதத்தைக் கேட்கிறது, பெரிய எழுத்துக்கு 3:1. தூய கறுப்பும் தூய வெள்ளையும் 21:1. வெள்ளையின்மேல் #767676 சாம்பல் ஏறக்குறைய அந்த 4.5 எல்லையில் நிற்கிறது. உச்ச விகிதமும் எல்லோருக்கும் சுகமல்ல: என் கண்ணுக்குத் தூய கறுப்பில் வெள்ளை எழுத்து ஒளிர்ந்து கசிகிறது, #121212இல் சற்று மங்கிய வெள்ளைதான் ஒத்துவருகிறது.

விண்டோஸில் உயர் மாறுபாட்டுத் தீம் வைத்திருக்கிறேன். என் நிறங்கள் எதுவும் வரவில்லை.

அந்த நிலையில் உலாவி எழுத்து, பின்னணி, எல்லைக்கோடு ஆகியவற்றின் நிறங்களைக் கடைசியில் கட்டாயமாக மாற்றிவிடும், நிழல்களையும் நீக்கிவிடும். உங்கள் நிறமே வேண்டுமென்றால் ‘ஃபோர்ஸ்டு-கலர்-அட்ஜஸ்ட்: நன்’ என்று எழுதலாம். ஆனால் ஒரு தேவைக்காகத்தானே அந்தத் தீமை வைத்தீர்கள்? அதையே விட்டுவைப்பது மேல் என்பது என் கருத்து.

அச்சடித்தால் தாளில் எழுத்து மிக மங்கலாக வருகிறது.

உலாவிகள் வழக்கமாகப் பின்னணியை அச்சிடுவதில்லை, உங்கள் வெளிர் எழுத்து மட்டும் வெள்ளைத் தாளுக்குப் போகிறது. விதிகள் அனைத்தையும் ‘மீடியா ஸ்க்ரீன்’ என்ற தொகுதிக்குள் அடைத்துவிடுங்கள். திரையில் உங்கள் நிறம் இருக்கும், தாளில் தளத்தின் கறுப்பு எழுத்தே விழும்.